தகப்பன் பெயர் இல்லாத ஒரு பதிவு: டிக்கோயாவிலிருந்து கின்கார்டின்ஷயர் வரை

வெள்ளவத்தையில் இருக்கும் 86 வயது அன்ரி ஒருவருக்கு ஒரே ஒரு கேள்வி: தன் அம்மாவைப் பெற்ற தகப்பன் யார்? பாதி விடை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர். எந்தத் தோட்டம், எந்தத் துரை என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இப்படியான கேள்விகளோடு என்னிடம் வருகிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அநேகமானவை பாதிவழியில் படுத்துவிடும். இது கரை சேர்ந்தது. கடதாசி எந்த இடத்தில் கைகொடுத்தது, மரபணு எந்த இடத்தில் கைகொடுத்தது, இரண்டும் தனித்தனியே எங்கே கைவிட்டன என்பதெல்லாம் இந்த வழக்கில் துலக்கமாகத் தெரிகிறது. அதனால் முழுதாக எழுதிவைக்கிறேன். குடும்பத்தின் விருப்பப்படி ஆட்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இதில் வராது.

கையில் இருந்தவை

அன்ரியின் அம்மா 1979இல் கொழும்பில் காலமானவர். நல்ல வெள்ளை, பூனைக்கண். சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் பறங்கி நேர்ஸ் ஒருவரிடம் வளர்ந்தார் என்பது குடும்பத்து ஞாபகம். யாழ்ப்பாணத்து ரயில்வே கிளாக்கர் ஒருவரைக் கலியாணம் முடித்து, சேலையும் கொண்டையுமாக யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண்ணாகவே வாழ்ந்து முடித்தவர். தோட்டம் என்ற பேச்சை வீட்டில் எடுக்க விடமாட்டாராம்.

"தம்பி, அம்மாவின்ர அப்பா பெரிய துரையாம். அதுக்கு மேல ஒண்டும் சொல்லேல்லை. கேட்டால் எழும்பி அடுப்படிக்குப் போயிடுவா," என்றார் அன்ரி.

வீட்டில் இருந்த பத்திரங்களும் அல்பங்களும் 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்தன. மிஞ்சியவை இரண்டுதான். நல்லூரில் மச்சாள் வீட்டில் இருந்ததால் தப்பிய கலியாணப் படம் ஒன்று. கொழும்பில் ஒரு மெதடிஸ்த ஆலயத்தின் பதிவேட்டில் 1932ஆம் ஆண்டு விவாகப் பதிவு. மணமகள் வயது 23. தகப்பன் பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு. அந்த வரிசையின் ஓரத்தில் போதகர் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: ஞானஸ்நானம், டிக்கோயா. அந்தப் பென்சில் எழுத்து இல்லாவிட்டால் இந்த வழக்கு தொடங்கியே இருக்காது.

பிறப்புப் பத்திரம் ஒன்று இருந்ததாகவும், அம்மா அதைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருந்ததாகவும் அன்ரிக்கு ஞாபகம். எனக்கு அதில் வியப்பில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பனும் தகப்பனின் தகப்பனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்ட நாடு இது. தோட்டத்தில் பிறந்தவள், தகப்பன் பெயரும் இல்லை என்று காட்டும் கடதாசியை யார்தான் மேசையில் விரித்து வைப்பார்கள்?

நம் தொகைமதிப்பும் அவர்கள் தொகைமதிப்பும்

அன்ரியின் பேரன் லண்டனில் இருக்கிறான். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, "1911 சென்சஸில பெயரைப் போட்டுத் தேடினால் வந்திடாதா அங்கிள்?" என்று கேட்டான். அங்கே வளர்ந்த பிள்ளை, அங்கத்தைய பழக்கம்.

இலங்கையில் 1871இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பு நடந்தது. 1901ஆம் ஆண்டு மதிப்பை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய அறிக்கை இன்றைக்கும் வாசிக்கச் சுவையானது. 1911ஐ நடத்தியவர் டென்ஹாம். அந்த முறைதான் இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் முதன்முதலாகப் பிரித்து எண்ணினார்கள். இந்தியத் தமிழர் ஏறக்குறைய 5 இலட்சத்து 31 ஆயிரம். இரண்டு வயதுக் குழந்தையாக அன்ரியின் அம்மாவும், அவரைப் பெற்றவரும் அந்தத் தொகைக்குள்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வீடு, லயத்துக்கு லயம் நிரப்பிய தாள்கள் நம் கைக்கு வருவதில்லை. மிஞ்சியிருப்பவை கூட்டுத்தொகைகள்.

பிரித்தானியாவில் 1841இலிருந்து ஆட்களைப் பெயர் சொல்லி எழுதினார்கள், எழுதியதைப் பத்திரப்படுத்தினார்கள், நூறு ஆண்டு கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் திறந்தன. ஒரே அரசுதான் இரண்டு நாட்டிலும் எண்ணியது. அங்கே பெயரை வைத்துக்கொண்டது, இங்கே தொகையை வைத்துக்கொண்டது. ஆக, தொகைமதிப்பு இந்த வழக்கில் உதவுவதென்றால் துரையின் பக்கத்திலிருந்துதான் உதவ முடியும். அதற்குத் துரை எந்த வீட்டுப் பிள்ளை என்று முதலில் தெரிய வேண்டும்.

டிக்கோயா

தோட்டங்களில் ஞானஸ்நானம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் 1850களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன்காரர். உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்து போய் ஊழியம் செய்தார்கள். பதிவைத் தமிழிலேயே எழுதினார்கள். அந்தப் பக்கத்து ஆலயம் ஒன்றில் பழைய ஏடு இருந்தது. முதுகுத் தோல் கழன்று, கயிற்றால் கட்டிவைத்த பெரிய ஏடு. மை பழுப்பாகிவிட்டது. ஒரு பக்கத்தில் எட்டுப் பத்துப் பெயர்கள்: மரியாள், சாமுவேல், ஞானம்மாள், யாக்கோபு. அவற்றுக்கு நடுவே, வேதத்திலும் இல்லாத, தமிழிலும் இல்லாத ஓர் ஆங்கிலப் பெண்பெயர், எழுத்துக் கூட்டித் தடுமாறி எழுதப்பட்டிருந்தது. அன்ரியின் அம்மாவின் பெயர்.

1909 ஆகஸ்ட். பெண்பிள்ளை, வயது ஐந்து மாதம். தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் எல்லாம் அழகாக இருந்தன. தகப்பன் என்ற இடத்தில் கோடுகூடப் போடாமல் வெறுமையாக விட்டிருந்தார் உபதேசியார். பிறகு நிரப்பலாம் என்று நினைத்தாரோ, எழுதப் பயந்தாரோ.

தோட்டத்தின் பெயர் கிடைத்ததும் பிறப்புப் பதிவும் அகப்பட்டது. பிறந்தது 1909 மார்ச். பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கட்டத்தில் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. விவாகம் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன் தானே முன்வந்து கேட்டாலொழிய அவன் பெயரை எழுதக்கூடாது என்பது சட்டம். அறிவித்தவர் யார் என்று பாருங்கள்: தோட்டத்துத் துரை. தோட்டத்தில் நடக்கும் பிறப்பு இறப்புகளை அறிவிக்கும் பொறுப்பு அவருடையது. அன்ரியின் மகன் இதைப் பார்த்ததும், "தன்ர பிள்ளையைத் தானே தகப்பன் இல்லாத பிள்ளையெண்டு எழுதிக் குடுத்திருக்கிறான்," என்று கொதித்தார்.

குடும்பக் கதையும் பெரிய துரை என்றுதானே சொல்கிறது. அந்த ஆண்டுகளில் எந்தத் தோட்டத்தில் யார் துரை என்று அறிய ஃபெர்குசன் டிரெக்டரியைப் போல ஒரு நூல் இல்லை. தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமைக்காரர், துரை, உதவித் துரைமார் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் பார்க்கலாம். 1908, 1909 பதிப்புகளில் அந்தத் தோட்டத்துக்கு மூன்று வெள்ளைக்காரர்: ஒரு பெரிய துரை, இரண்டு சின்னத்துரைமார். குடும்பம் பெரிய துரையின் பெயரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய படத்தைக்கூட எங்கேயோ தேடி எடுத்துவிட்டார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. பதிவில் அவர் பெயர் இருந்தது உத்தியோகத்தால். ஒரு நாளைக்கு அந்தத் தோட்டத்தில் பத்துப் பிள்ளை பிறந்திருந்தாலும் பத்துக்கும் அவர்தான் கையெழுத்து. மூன்று பேரில் யார் என்று கடதாசி சொல்லாது.

ஊறுகாய்ப் போத்தலும் மரபணுவும்

தகப்பன் வழியை நூல் பிடித்தாற்போலக் காட்டும் ஒய் குரோமோசோம் இங்கே பயன்படாது. அது மகனுக்குப் போவது, துரைக்குப் பிறந்ததோ மகள். மைட்டோகொண்ட்ரிய மரபணு தாய் வழியே வருவது, அதனால் அது தோட்டத்து அம்மம்மாவைக் காட்டும், துரையைக் காட்டாது. மிஞ்சுவது இரு பக்கமும் கலந்து வரும் பொதுப் பரிசோதனை. அதைக் குடும்பத்தில் மிக மூத்தவரிடம் செய்ய வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை பாதி பாதியாகக் குறைந்துபோகும் பொருள் அது. அன்ரியிடம் கால்பங்கு இருக்கும், லண்டன் பேரனிடம் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும்.

பேரன் அன்செஸ்ட்ரி கொம்பனியின் பெட்டியை விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தான். மகனுக்குத் தயக்கம். 23அண்ட்மீ கொம்பனி 2025 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போன செய்தி அவரிடம் இருந்தது. எங்கள் எச்சில் யார் கைக்குப் போகும் என்றார். நியாயமான கேள்வி. ஆனால் எச்சில் அன்ரியுடையது, முடிவும் அவருடையது. "86 வயசில என்ர எச்சிலை வைச்சு ஆர் என்ன செய்யப்போறான்," என்று முடித்துவிட்டார்.

குழாயில் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. அதற்கு முன் அரை மணி நேரம் ஒன்றும் குடிக்கவும் கூடாது. வயதானவர்களுக்கு வாய் காய்ந்திருக்கும். காலைத் தேத்தண்ணியும் இல்லாமல் அன்ரி பாதிக் கோட்டில் நின்றுவிட்டார். மருமகள் போய் எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். குழாய் நிரம்பியது.

முடிவு வந்ததும் எல்லோரும் பார்த்தது இன வீதத்தை: கால்பங்குக்குச் சற்றுக் குறைய ஸ்கொட்லாந்து. அந்த வண்ணப் படத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. கொம்பனி கணக்கை மாற்றும்போதெல்லாம் வீதமும் மாறும். வேலைக்கு ஆவது உறவினர் பட்டியல்.

இந்த வழக்குக்கு இயல்பாகவே ஒரு வாய்ப்பு இருந்தது. அன்ரியின் உடம்பில் ஐரோப்பிய மரபணு வந்த வழி ஒன்றே ஒன்று. பட்டியலில் வரும் ஸ்கொட்லாந்துக்காரர் எவராயினும் அந்தத் துரை மூலமாகத்தான் உறவு. தமிழ்ப் பக்கத்தில் இப்படி வராது. மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய நமக்குள் நான்கு வழியில் சொந்தமானவர்கள் உண்டு. பங்கிடும் அளவு கூடிக்காட்டும், தூரத்து உறவு கிட்டத்து உறவாகத் தெரியும். இங்கே இரண்டு பக்கமும் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து நின்றன.

இருவர் பங்கிடும் மரபணுவின் அளவைச் சென்டிமோர்கன் கணக்கில் சொல்வார்கள்; எண் கூடினால் உறவு கிட்ட. பட்டியலின் உச்சியில் ஸ்கொட்லாந்துப் பெண்மணி ஒருவர், 243. மரபணு வழியே குடும்ப வரலாறு ஆராயும் பிளெய்ன் பெட்டிங்கர் பல்லாயிரம் பேரிடம் திரட்டி 2020இல் வெளியிட்ட அட்டவணைப்படி, பாட்டன் பாட்டிமார் கூடப்பிறந்தவர்களாக இருந்தால் பேரப்பிள்ளைகள் சராசரி 229 பங்கிடுவார்கள். அவருக்குக் கீழே நூறுக்கு உட்பட்டவர்கள் ஒரு கூட்டம். அவர்களை யார் யாரோடு பொருந்துகிறார் என்று பிரித்தபோது இரண்டு கொத்தாக விழுந்தார்கள். ஒரு கொத்து மற்றதோடு பொருந்தவில்லை. உச்சியில் இருந்த பெண்மணி மட்டும் இரண்டு கொத்தோடும் பொருந்தினார்.

இங்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். டிரெக்டரியில் பார்த்த மூன்று குடும்பப் பெயர்களையும் தொடவில்லை. ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் அது எந்த மரத்திலும் அகப்படும். வடகிழக்கு ஸ்கொட்லாந்தில் ஐந்தாறு குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டே ஒரு மாவட்டம் முழுவதும் வாழ்ந்திருக்கிறது. அதனால் கொத்துகளிலிருந்து மட்டும் மேலே ஏறினேன். முதல் கொத்தில் உள்ளவர்களின் மரங்கள் ஒரு தம்பதியில் போய்ச் சேர்ந்தன, இரண்டாவது கொத்து வேறொரு தம்பதியில். இரண்டும் வடகிழக்கு ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயர் மாவட்டம். அடுத்து வேண்டியது ஒன்றே: முதல் தம்பதியின் பிள்ளை ஒன்று இரண்டாம் தம்பதியின் பிள்ளை ஒன்றைக் கலியாணம் முடித்த வீடு.

ஸ்கொட்லாந்துப் பதிவுகளின் அருமை இந்த இடத்தில் தெரியும். 1855இலிருந்து பிறப்பு, விவாகம், இறப்பு எல்லாவற்றிலும் தாயின் கலியாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரை எழுதுகிறார்கள். இரண்டு குடும்பமும் கலந்த விவாகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஏழு பிள்ளைகள் உள்ள வீடு

1881 ஏப்ரல் 3 இரவு. ஒரு பண்ணை வீடு. கணக்கெடுப்பவரின் சாய்ந்த கையெழுத்தில் குடும்பத் தலைவர், வயது 31, விவசாயி, 90 ஏக்கர், வேலைக்கு இரண்டு ஆளும் ஒரு பையனும். மனைவி. தலைச்சன் மகன் 2 வயது. அடுத்த மகன் 10 மாதம். வேலைக்காரப் பெண் ஒருத்தி, அவளுடைய ஊர், வயது. கடைசிக் கட்டத்தில் ஸ்கொட்லாந்துக்கே உரிய கேள்வி: ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை? நான்கு. டிக்கோயாவில் என் கண்ணால் கண்ட லய அறைகளுக்கு ஜன்னல் இருந்ததா என்று அந்த நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1891இல் அதே வீட்டில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். 7 வயது மகன் ஒருவன் பள்ளிப் பிள்ளை. 1901இல் தலைச்சன் தகப்பனோடு பண்ணையில். இரண்டாமவன் வீட்டில் இல்லை, நாட்டிலேயே இல்லை. 7 வயதாக இருந்தவன் 17 வயதில் பக்கத்து ஊர் வங்கியில் பழகுநர். 1911இல் அவனும் இல்லை.

தொகைமதிப்பில் இல்லாதவரை இறந்துவிட்டார் என்று எழுதி மரத்தை மூடிவிடுகிறவர்கள் அநேகம். 1911 தாளில் அதற்கு மருந்து உண்டு. கலியாணமான பெண்ணிடம் உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். தாய் சொன்னது: பிறந்தது 7, இருப்பது 5. ஒரு மகனும் ஒரு மகளும் இறந்த பதிவுகள் என்னிடம் இருந்தன. தலைச்சனும் இரண்டு பெண்களும் ஸ்கொட்லாந்தில் இருந்தார்கள். கூட்டிக் கழித்தால், காணாமற்போன இரண்டு மகன்மாரும் அந்த ஏப்ரலில் எங்கோ உயிரோடு இருந்தார்கள்.

எங்கே என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. 90 ஏக்கரைப் பங்கு போட முடியாது; தலைச்சனுக்குப் பண்ணை, மற்றவர்களுக்குக் கப்பல். அந்த மாவட்டத்துப் பையன்களுக்கு இலங்கை பழகிய திசை. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் கின்கார்டின்ஷயர்க்காரர்தான்; 1852இலேயே வந்துவிட்டார்.

இப்போதுதான் டிரெக்டரியைத் திரும்பத் திறந்தேன். தோட்டத்துச் சின்னத்துரைமார் இருவரில் ஒருவருக்கு அந்தக் குடும்பப் பெயர், முதலெழுத்துகளும் வங்கிப் பழகுநருக்குச் சரி. பெரிய துரையின் குடும்பத்தையும் ஆங்கிலத் தொகைமதிப்பில் பார்த்துவைத்தேன்: டெவன்காரர். அன்ரியின் உறவுப் பட்டியலில் டெவன் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை. குடும்பம் எடுத்து வைத்திருந்த படம் அலுமாரிக்குப் போனது.

அண்ணனா தம்பியா

ஆனால் அதே டிரெக்டரியில், ஹப்புத்தளைப் பக்கத்தில், அதே குடும்பப் பெயரோடு இன்னொருவர். அண்ணன்காரர். மூத்தவர் முன்பே வந்து, தம்பியைக் கூப்பிட்டு எடுத்திருக்கிறார். நாங்கள் கனடாவுக்குச் செய்ததைத்தான் அவர்கள் இலங்கைக்குச் செய்தார்கள்.

மரபணு ஒரு வீட்டின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். உள்ளே இருக்கும் அண்ணன் தம்பியில் யார் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அல்லது சொல்வதற்கு இன்னும் ஆட்களின் எச்சில் வேண்டும். அண்ணன்காரருக்கு ஸ்கொட்லாந்தில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இருவர் பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள், அதுவும் நன்றாகச் சம்மதித்தார்கள். அவர் அன்ரியின் தாத்தாவானால் இவர்கள் தாத்தாவை மட்டும் பொதுவாக உடையவர்கள்; சராசரி 449 வர வேண்டும். தம்பிக்காரர் தாத்தாவானால் சராசரி 229. வந்தது 188, 263. இரண்டும் தம்பியின் பக்கமே சாய்கின்றன. ஆனால் முதல் உறவுக்கு அட்டவணை காட்டும் எல்லை 156இலிருந்து 979 வரை, இரண்டாவதுக்கு 41இலிருந்து 592 வரை. 188உம் 263உம் இரண்டு எல்லைக்குள்ளும் விழும் எண்கள். பந்தயம் கட்டலாம், தீர்ப்பு எழுத முடியாது.

தீர்ப்பைக் கப்பல் எழுதியது. பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வந்தவர், போனவர் பட்டியல்கள் இருக்கின்றன. கொழும்பிலிருந்து லண்டனுக்கு 1908 ஏப்ரலில் இறங்கியவர்களில் அண்ணன்காரர்: தோட்டத்துரை, வயது 27. ஜூனில் சொந்த ஊரில் அவருக்குக் கலியாணம்; பதிவில் வசிப்பிடம் இலங்கை என்று போட்டிருக்கிறது. அக்டோபரில் மனைவியோடு திரும்பக் கப்பல் ஏறுகிறார். 1909 மார்ச்சில் பிறந்த பிள்ளை 1908 ஜூன் அளவில் உண்டானது. அந்த மாதம் அவர் டிக்கோயாவில் இல்லை, இலங்கையில் இல்லை, மணவறையில் இருந்தார். தலைச்சன் பண்ணையை விட்டு அசையாதவர். மிஞ்சுவது ஒருவர்தான்: 24 வயதுச் சின்னத்துரை.

அன்ரிக்கு இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார். "பெரிய துரையெண்டு எவ்வளவு பெருமையா வைச்சிருந்தனாங்கள்."

பிள்ளையின் ஆங்கிலப் பெயர் பண்ணை வீட்டுத் தாயின் பெயரேதான். குடும்பத்தாருக்கு எல்லாவற்றிலும் பெரிய சான்று அதுவாகத் தெரிகிறது. நான் அதற்கு அவ்வளவு நிறை கொடுக்கமாட்டேன். அந்தக் காலத்து ஸ்கொட்லாந்தில் தெருவுக்கு நாலு பெண்கள் அந்தப் பெயரில் இருந்தார்கள். கப்பல் பட்டியலுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், முன்னால் வைக்கக்கூடாது.

சின்னத்துரைமார் பல கொம்பனிகளில் மேலிடத்து அனுமதி இல்லாமல் கலியாணமே முடிக்க முடியாத காலம் அது. லயத்துப் பெண்ணோடு என்றால் பேச்சே இல்லை. இப்படிப் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 1920களில் நுவரெலியாவில் பெயின்டர் தம்பதியினர் அவர்களுக்கென்றே ஓர் இல்லம் தொடங்க வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அதில் எவ்வளவு விருப்பம் இருந்தது, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த ஏடும் எழுதவில்லை. காதல் கதையாக்க விரும்பிய பேரப்பிள்ளைகளிடம் இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னேன்.

தம்பிக்காரர் 1914 அக்டோபரில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையோடு எகிப்துக்குப் போனவர்களில் ஒருவர். போர் முடிந்து தப்பி வந்தார். 1919இல் பழைய போர்வீரர்களுக்குக் கென்யாவில் காணி கொடுத்த திட்டத்தோடு மொம்பாசாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கேயே 1946இல் இறந்தார். கலியாணம் ஆகாதவர் என்கிறது மரணசாதனச் சுட்டி. அன்ரியின் அம்மா அவருடைய ஒரே வாரிசாக இருக்கலாம். அண்ணன்காரரின் பேரன் தங்கள் வீட்டில் இருந்த சீருடைப் படம் ஒன்றை அனுப்பினார். பட்டியலின் உச்சியில் இருந்த பெண்மணி இன்றுவரை பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

அம்மம்மாவின் பக்கம்

மரத்தை வரைந்து கொடுத்தபோது ஒரு பக்கம் 1700களுக்கு ஏறி நின்றது. மறுபக்கம் அம்மம்மாவின் பெயரோடு முடிந்தது. 1860இலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்காவது கப்பல் ஏட்டில் பெயர், தகப்பன் பெயர், ஊர் இருக்கின்றன. இலங்கைக்கு வந்தவர்கள் கங்காணியோடு வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் அவர்கள் கழுத்தில் தொங்கியது தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு. தமிழ்ப் பக்கத்து மரபணு உறவுகள் சில டர்பனிலும் மலேசியாவிலும் காட்டுகின்றன, எல்லாம் சின்ன அளவு. நம் கலியாண வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அவற்றிலிருந்து ஓர் ஊரைச் சொல்வது குறி சொல்வதற்குச் சமம்.

ஆனால் அந்தப் பழுப்பு ஏட்டை 1909இல் மூடிவிடாமல் மேலும் புரட்டியிருந்தேன். 1913இலும் 1916இலும் அதே தோட்டம், அதே கங்காணி, அதே தாயின் பெயர். இரண்டு ஞானஸ்நானங்கள், ஓர் ஆண், ஒரு பெண். இந்த முறை தகப்பன் பெயர் இருக்கிறது, தோட்டத்துத் தொழிலாளி ஒருவர். தாய் அதே ஆள்தான் என்றால் அன்ரியின் அம்மாவுக்கு ஒரு தம்பியும் தங்கையும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அன்ரியோடு ஏறக்குறைய 449 பங்கிட வேண்டும். நம் பக்கத்தில் கொஞ்சம் கூடவே காட்டும்.

அவர்கள் இன்றைக்கு எங்கே இருப்பார்கள் என்பது தனித் தேடல். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும் 3 இலட்சம் பேரை இங்கே என்றும் பிரித்தது. டிக்கோயாவிலேயே நான்காம் தலைமுறை கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம்.

சீருடைப் படம் அனுப்பிய ஸ்கொட்லாந்துக்காரர் அடுத்த ஆண்டு கொழும்புக்கு வர விரும்பி எழுதியிருந்தார். அன்ரி வரச்சொல்லிப் பதில் போட்டுவிட்டு என்னிடம் கேட்டது வேறு. "அவை ஆறுதலா வரட்டும் தம்பி. டிக்கோயாச் சனத்தை முதல்ல பாருங்கோ." பேரனிடம் இரண்டாவது பெட்டிக்குச் சொல்லியாயிற்று. தோட்டத்துத் தலைவர் ஒருவர் மூலமாக, பழைய கங்காணி குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.